ராணுவம் கெடு வைத்தது, ஊர்க்காரர்கள் எழுதினார்கள்

1946 பிப்ரவரி 8. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் ஒரு பகுதி அமெரிக்கர்கள் கையில். மியூனிக்கில் உட்கார்ந்திருந்த அமெரிக்க ராணுவ அரசாங்கம் அங்கிருந்த பவேரியா மாநிலத்தின் முதலமைச்சருக்கு ஓர் உத்தரவு அனுப்புகிறது. மாநிலத்துக்கு அரசியலமைப்பு வேண்டும், அதற்கு ஒரு ஆயத்தக் குழுவை உடனே அமையுங்கள் என்று. முதலமைச்சர் என்றதும் தேர்தலில் ஜெயித்து வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். வில்ஹெல்ம் ஹோக்னரை நாற்காலியில் உட்காரவைத்ததே அந்த ராணுவம்தான். அவருக்கு முன்னால் இருந்த ஃப்ரிட்ஸ் ஷேஃபரை 1945 மே மாதம் நியமித்து, செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பியதும் அதே ராணுவம்தான்.

ஆக, துப்பாக்கி வைத்திருப்பவன் சொல்கிறான்: சீக்கிரம் ஜனநாயகம் எழுதிக் கொண்டு வா. இதில் சிரிப்பதற்கு இருக்கிறது, நானும் முதலில் சிரித்தேன். அப்புறம் இந்தக் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கப் படிக்க, நான் நினைத்த மாதிரி இது பொம்மலாட்டம் இல்லை என்று தோன்ற ஆரம்பித்தது. ஜப்பானில் நடந்தது வேறு. அதே 1946 பிப்ரவரியில், ஜப்பானை ஆக்கிரமித்திருந்த படைகளின் தளபதி மக்ஆர்தரின் தலைமையகத்தில் இருந்த அமெரிக்கர்கள் சுமார் ஒரு வாரத்தில் வரைவை ஆங்கிலத்தில் எழுதி ஜப்பானிய அமைச்சர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். ஜெர்மனியின் அமெரிக்க மண்டலத்தில் அப்படி நடக்கவில்லை. அங்கே எழுதியவர்கள் உள்ளூர்க்காரர்கள். அமெரிக்கர்கள் கையில் வைத்துக்கொண்டது இரண்டு விஷயம்: எப்போது முடிக்க வேண்டும் என்பதும், எதை மட்டும் விட முடியாது என்பதும். நடுவில் கிடந்த இடம் நாம் நினைப்பதைவிடப் பெரிது, அந்த இடத்தில் ஜெர்மன்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்ட சண்டைதான் எனக்குச் சுவாரசியம்.

மாநிலத்துக்குத் தனியாக அரசியலமைப்பா என்று நம் ஆட்களுக்குக் கேள்வி வரும். இந்திய மாநிலங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, விதிவிலக்காக இருந்த ஜம்மு காஷ்மீருக்கும் 2019-க்குப் பிறகு இல்லை. ஜெர்மனியில் கதை தலைகீழ். 1946-ல் ஜெர்மனி என்ற அரசே இல்லை. நான்கு மண்டலங்கள், நான்கு ராணுவங்கள். தேசம் இல்லாத நேரத்தில் மாநிலங்கள் முதலில் எழுந்து நின்றன. 1945 செப்டம்பர் 19 அன்று ஐசன்ஹவர் பெயரில் வந்த இரண்டாவது பிரகடனம் அமெரிக்க மண்டலத்தை பவேரியா, வுர்ட்டம்பெர்க்-பாடன், பெரு ஹெஸ்ஸன் என்று மூன்று மாநிலங்களாகப் பிரித்தது. பவேரியா பழைய ராஜ்ஜியம், அதற்கென்று நினைவும் திமிரும் உண்டு. மற்ற இரண்டும் ராணுவ வரைபடத்தில் பென்சிலால் ஒட்டவைத்தவை.

ஏன் இவ்வளவு அவசரம்? துணை ராணுவ ஆளுநராக இருந்த ஜெனரல் லூசியஸ் கிளேவுக்கு ஆட்சி நடத்தும் செலவையும் பொறுப்பையும் ஜெர்மன்காரர்கள் தலையில் இறக்கிவைக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குத் திரும்பத் துடித்த சிப்பாய்கள் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இருக்கிற கொஞ்ச ஆட்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊரையும் ஆள முடியாது. கிளேவுக்கு ஆலோசகராக இருந்த மிச்சிகன் பல்கலைக்கழகத்து அரசியல் அறிவியல் பேராசிரியர் ஜேம்ஸ் பொல்லாக் போன்றவர்கள், ஜனநாயகத்தைச் செய்து பார்த்துத்தான் பழக முடியும், கீழிருந்து சீக்கிரம் ஆரம்பித்துவிடலாம் என்று சொன்னார்கள். இவ்வளவு சீக்கிரமா என்று தயங்கியவர்கள் அமெரிக்கர்களிலும் இருந்தார்கள், ஜெர்மன்காரர்களிலும் இருந்தார்கள். கிளே கேட்கவில்லை. 1946 ஜனவரியிலேயே சிற்றூர்களில் உள்ளாட்சித் தேர்தல், ஜூன் 30-ல் அரசியலமைப்புப் பேரவைக்குத் தேர்தல், வருடம் முடிவதற்குள் பொது வாக்கெடுப்பு.

இது எந்தச் சூழலில் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மண்டலத்தில் சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,550 கலோரி என்றிருந்த ரேஷனை 1946 ஏப்ரலில் 1,275 ஆகக் குறைத்தார்கள். மியூனிக் பாதி இடிபாடு. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து துரத்தப்பட்ட ஜெர்மானியர்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு நடுவில் சிலர் உட்கார்ந்து மேலவை வேண்டுமா, வேண்டாமா என்று பேசுகிறார்கள். பசியில் இருப்பவனுக்கு அரசியலமைப்பு எதற்கு என்று அன்றைக்கே கேட்டவர்கள் இருந்திருப்பார்கள், நியாயமான கேள்விதான்.

இப்போது ஹோக்னர். 1887-ல் பிறந்தவர், வழக்கறிஞர், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். ஹிட்லரின் 1923 மியூனிக் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியை விசாரிக்க பவேரியச் சட்டமன்றம் போட்ட குழுவில் இருந்து குடைந்தெடுத்தவர். நாஜிகள் அதை மறப்பார்களா? 1933-ல் மலை தாண்டி ஆஸ்திரியாவுக்குத் தப்பி, அடுத்த வருடம் சுவிட்சர்லாந்துக்குப் போனார். பதினோரு வருடம் அங்கேதான். தொழில் செய்ய அனுமதி இல்லாத அகதிக்கு நேரம் நிறைய இருக்கும். அந்த நேரத்தில் அவர் செய்த வேலைகளில் ஒன்று, ஹிட்லர் போன பிறகு எப்படிப்பட்ட அரசு வேண்டும் என்று எழுதிப் பார்ப்பது. 1945 கோடையில் திரும்பி வந்தவர் வெறும் கையோடு வரவில்லை.

அவருக்குத் துணையாக வந்தவர் ஹான்ஸ் நாவியாஸ்கி. கிராட்ஸ் நகரில் பிறந்த அரசியல் சட்டப் பேராசிரியர், யூத வம்சாவளி. மியூனிக் பல்கலைக்கழகத்தில் 1931-ல் ஒரு வகுப்பில், முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிமேல் திணித்த வெர்சாய் ஒப்பந்தம் கொடுமை என்கிறோமே, ஜெர்மனி ஜெயித்த இடத்தில் ரஷ்யாமேல் திணித்த பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் ஒப்பந்தம் மட்டும் என்ன மென்மையா என்கிற மாதிரிப் பேசிவிட்டார். நாஜி மாணவர்கள் கலாட்டா செய்து, பல்கலைக்கழகத்தையே சில நாள் மூடவேண்டி வந்தது. 1933-ல் அவரும் சுவிட்சர்லாந்து, செயின்ட் காலன்.

பதினைந்து வருடம் கழித்து, 1946 ஜூலை 15 அன்று, பவேரியாவின் அரசியலமைப்புப் பேரவை கூடிய இடம் அந்த மியூனிக் பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபம். யாரும் குறியீடு பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. பழைய சட்டமன்றக் கட்டடம் குண்டுவீச்சில் போய்விட்டது, கூரையோடு மிஞ்சியிருந்த பெரிய மண்டபங்களே ஊரில் கொஞ்சம்தான். ஆனாலும் நாவியாஸ்கிக்கு அந்தப் படிக்கட்டில் ஏறும்போது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. 1943 பிப்ரவரியில் மாணவர்களான சோஃபி ஷோலும் அவர் அண்ணன் ஹான்ஸ் ஷோலும் நாஜிகளுக்கு எதிரான துண்டறிக்கைகளை வீசி மாட்டிக்கொண்டதும் அதே கட்டடத்தில்தான்.

எழுதும் முறை இப்படி: முதலில் ஹோக்னர், நாவியாஸ்கியின் உதவியோடு ஒரு முன்வரைவு தயார் செய்கிறார். மார்ச் 8 முதல் ஜூன் 24 வரை ஆயத்தக் குழு அதை வரி வரியாக அலசுகிறது. பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை. 180 இடங்களில் கிறிஸ்தவ சமூக ஒன்றியத்துக்கு 109, சமூக ஜனநாயகக் கட்சிக்கு 51, கம்யூனிஸ்டுகளுக்கு 9, மிச்சம் சிறு கட்சிகளுக்கு. அதாவது வரைவை எழுதியவர் சிறுபான்மைக் கட்சிக்காரர், அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் அவருடைய எதிர்க்கட்சி. ராணுவம் நியமித்ததால் மட்டுமே அவர் கையில் பேனா இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தேர்தலை முதலில் நடத்தி, எழுதும் வேலையைப் பிறகு ஆரம்பித்திருந்தால் வேறு ஆள் வேறு மாதிரி எழுதியிருப்பார். யார் முதல் வரைவை எழுதுகிறார் என்பதில்தான் ஆக்கிரமிப்பின் கை ஆழமாக இருந்தது என்பது என் எண்ணம். எந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியும், எழுதி வைத்ததைத் திருத்துவதற்கும் வெறும் தாளில் ஆரம்பிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று.

சுவிட்சர்லாந்து அந்த வரைவில் தெரிகிறது. வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் கையெழுத்துப் போட்டால் மக்களே சட்ட முன்வரைவைக் கொண்டுவரலாம். அரசியலமைப்பைத் திருத்த சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதாது, அதற்கு மேல் மக்கள் வாக்கெடுப்பும் கட்டாயம். எந்தச் சட்டமாவது அடிப்படை உரிமையை மீறுகிறது என்று நினைத்தால், தனக்கு நேரடியாகப் பாதிப்பு இல்லாவிட்டாலும், யார் வேண்டுமானாலும் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போகலாம். நம் பொதுநல வழக்கின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம், ஆனால் நம்மூரில் நீதிபதிகள் வியாக்கியானத்தால் திறந்த கதவை இவர்கள் 98-ஆம் பிரிவில் நேரடியாகவே எழுதிவைத்துவிட்டார்கள்.

அப்புறம் என் மனதுக்குப் பிடித்த 141-ஆம் பிரிவு. இயற்கையை அனுபவிப்பதும், வெட்டவெளியில் இளைப்பாறுவதும், காட்டிலும் மலைப் புல்வெளியிலும் நடப்பதும், நீர்நிலைகளில் படகு விடுவதும், காட்டில் தானாக விளையும் பழங்களை அந்தந்த ஊர் வழக்கப்படி பறித்துக்கொள்வதும் எல்லோருக்கும் உரிமை. மலை, ஏரி, ஆறு இவற்றுக்குப் பொதுமக்கள் போகும் வழியைத் திறந்து வைப்பது மாநிலத்தின், உள்ளாட்சியின் கடமை, தேவைப்பட்டால் தனியார் சொத்துரிமையைக் கட்டுப்படுத்தியாவது. இது ஹோக்னரின் கைவண்ணம் என்றுதான் சொல்கிறார்கள். காளானும் பெர்ரியும் பறிப்பது அரசியலமைப்பு உரிமையா என்று கிண்டல் செய்யலாம். நான் செய்யமாட்டேன். ஏரிக்கரை முழுவதும் பணக்காரர்களின் வேலி போட்ட தோட்டமாகிப்போன ஊரில் அது சின்ன விஷயம் இல்லை, அதிலும் 1,275 கலோரி காலத்தில் காட்டில் கிடைக்கும் காளானுக்கு வேறு அர்த்தம்.

பழைய காயம் தெரிகிற இடமும் உண்டு. ஹிட்லருக்கு முன்பு இருந்த ஜெர்மன் ஜனநாயகமான வைமர் குடியரசின் அரசியலமைப்பில் 48-ஆம் பிரிவு அவசரநிலை அதிகாரம் தந்தது. அதை வைத்துத்தான் 1933 பிப்ரவரியில் ரைஷ்டாக் என்ற நாடாளுமன்றக் கட்டடம் எரிந்ததற்கு மறுநாள் அடிப்படை உரிமைகளை ஒரே ஆணையில் துடைத்தெறிந்தார்கள். பவேரியாவின் புது அரசியலமைப்பிலும் அவசரநிலைப் பிரிவுக்கு எண் 48 தான். ஆனால் இங்கே பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், கடிதப் போக்குவரத்தின் ரகசியம், கூட்டம் கூடும் உரிமை ஆகியவற்றை முதலில் ஒரு வாரத்துக்கு மட்டுமே அரசு நிறுத்தி வைக்கலாம், சட்டமன்றத்தை உடனே கூட்ட வேண்டும். அதே எண் தற்செயலாக வந்ததா, வேண்டுமென்றே போட்டதா என்பது எனக்கு முக்கியமில்லை. அந்த ஒரு வாரம் என்கிற கணக்குதான் முக்கியம்.

பேரவைக்குள் பெரிய குடுமிப்பிடி எதில் தெரியுமா? மாநிலத்துக்கு ஒரு ஜனாதிபதி வேண்டுமா என்பதில். முதலமைச்சருக்கு மேலே, கட்சி சாராத ஒரு மாநிலத் தலைவர். கிறிஸ்தவ சமூக ஒன்றியத்தில் அலோய்ஸ் ஹுண்ட்ஹாமர் தலைமையில் ஒரு கோஷ்டிக்கு அது உயிர்நாடி. ராஜா போன பிறகு பவேரியா ஒரு தனி அரசு என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்ட ஓர் ஆள் வேண்டும் என்பது அவர்கள் வாதம். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் அதே கட்சியின் தலைவர் யோசெஃப் ம்யூல்லர், ஊர்க்காரர்கள் 'ஆக்ஸன்செப்' என்று கூப்பிட்டவர். மாட்டுக்காரன் செப் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹுண்ட்ஹாமர் டாஹவ் வதை முகாமில் அடைபட்டிருந்தவர், ம்யூல்லர் ஃப்ளோசன்பூர்க் வதை முகாமிலிருந்து உயிரோடு வந்தவர். இரண்டு பேருமே நாஜிகளிடம் அடிபட்டவர்கள், இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் ஆகவே ஆகாது. ம்யூல்லர் கோஷ்டி சமூக ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்துகொண்டது. வாக்கெடுப்பில் 85-க்கு 84. ஒரே ஓட்டில் ஜனாதிபதி போனார். இதில் எந்த அமெரிக்க அதிகாரியும் யாருக்கும் உத்தரவு போட வேண்டியிருக்கவில்லை. பவேரியாவின் தனித்துவத்தை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதில் பவேரியர்களே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் பிளந்து கிடந்தார்கள்.

ஆனால் அமெரிக்கர்கள் விட்டுக்கொடுக்காத இடமும் அதே பக்கத்தில்தான் இருந்தது. 178-ஆம் பிரிவு: வருங்காலத்தில் அமையும் ஜெர்மன் ஜனநாயகக் கூட்டாட்சியில் பவேரியா சேரும், அந்தக் கூட்டாட்சி தனித்தனி மாநிலங்கள் மனமுவந்து சேர்வதாக இருக்க வேண்டும், அவற்றின் தனி அரசு வாழ்வு காக்கப்பட வேண்டும். படிக்க இனிமையாக இருக்கிறது. பெர்லினில் உட்கார்ந்திருந்த கிளேவின் ஆட்களுக்கு அதில் வேறு வாசனை அடித்தது. மனமுவந்து சேர்வது என்றால், மனமில்லை என்றால் சேராமலும் இருக்கலாம் என்றுதானே அர்த்தம்?

பேரவை கடைசியாக வாக்களிப்பதற்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 24 அன்று கிளேவின் ஒப்புதல் கடிதம் வந்தது. அரசியலமைப்பை ஏற்கிறோம், ஆனால் இந்த ஒப்புதலை பவேரியாவின் பிரிவினைக்கோ வேறு எந்த ஜெர்மன் மாநிலத்தின் பிரிவினைக்கோ தந்த ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூட்டாட்சியில் சேர்வது பற்றிய வரிகள், நாளை ஜெர்மன் அரசியலமைப்பை எழுதப்போகும் பவேரியப் பிரதிநிதிகளுக்கான அறிவுரை மட்டுமே, சேர மறுக்கும் உரிமை அல்ல. கூடவே, நான்கு வல்லரசுகளின் கட்டுப்பாட்டுக் குழு போடும் சட்டங்களும், சர்வதேச ஒப்பந்தங்களும், ஆக்கிரமிப்பின் நோக்கத்துக்காக ராணுவ அரசாங்கம் தன் கையில் வைத்திருக்கும் அதிகாரங்களும் இந்த அரசியலமைப்புக்கு மேலே.

கவனித்தீர்களா, 178-ஆம் பிரிவை அடிக்கச் சொல்லவில்லை. எழுதினபடியே இருக்கட்டும், ஆனால் நாங்கள் சொல்கிற மாதிரிதான் வாசிக்க வேண்டும். இது கெட்டிக்காரத்தனம். வெட்டச் சொல்லியிருந்தால், அந்நியன் வெட்டினான் என்று ஹுண்ட்ஹாமர் கோஷ்டி ஐம்பது வருடம் மேடையில் பேசியிருக்கும். வாசிப்பை மட்டும் மாற்றியதால் எழுதினவர்களுக்கு மானமும் மிஞ்சியது, ராணுவத்துக்கு வேண்டியதும் கிடைத்தது.

அக்டோபர் 26-ல் பேரவை 136-க்கு 14 என்று நிறைவேற்றியது. டிசம்பர் 1-ல் மக்கள் வாக்கெடுப்பு, 70.6 சதவீதம் ஆதரவு. அன்றைக்கே சட்டமன்றத் தேர்தலும். ஹோக்னரின் கட்சி தோற்றது, அவர் எழுதிய அரசியலமைப்பின்படி முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சர் ஹான்ஸ் ஏஹார்ட் ஆனார். கம்யூனிஸ்டுகள் 6 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கியும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை, ஏனென்றால் ஏதாவது ஒரு தேர்தல் வட்டாரத்தில் 10 சதவீதமாவது வாங்கியிருக்க வேண்டும் என்று அதே அரசியலமைப்பில் ஒரு பிரிவு இருந்தது. அவர்கள் அதை எதிர்த்ததில் ஆச்சரியமில்லை.

'மக்கள்' என்று சொன்னேன். நாஜிக் கட்சியில் கொஞ்சம் முக்கியமாக இருந்தவர்களுக்கு வாக்கு இல்லை, அது புரிகிறது. புதிதாக வந்து இறங்கிய அகதிகளில் பலருக்கும் வசிப்புக் காலம் போதாததால் இல்லை. நாளை அவர்களும் இதே அரசியலமைப்பின் கீழ்தான் வாழப்போகிறார்கள். அவசரத்தின் விலை என்றால் எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வரும், இதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை.

பக்கத்து மாநிலமான ஹெஸ்ஸனில் நடந்தது இன்னும் காரசாரம். அங்கே பேரவையில் 90 பேர், சமூக ஜனநாயகக் கட்சிக்கு 42, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு 35. பவேரியா கடவுளையும் மாநிலப் பெருமையையும் எழுதிக்கொண்டிருந்தபோது ஹெஸ்ஸன் சுரங்கத்தை எழுதிக்கொண்டிருந்தது. 41-ஆம் பிரிவு: இந்த அரசியலமைப்பு அமலுக்கு வந்தவுடன் நிலக்கரி, பொட்டாஷ், தாதுச் சுரங்கங்களும், இரும்பு எஃகுத் தொழிலும், மின்சாரமும், தண்டவாளத்தில் ஓடும் போக்குவரத்தும் பொதுவுடைமை ஆகின்றன. ஆகும், ஆக்கப்படும் என்று எல்லாம் இல்லை, அன்றைக்கே ஆகின்றன. பெரிய முதலாளிகள் ஹிட்லருக்குத் துணை போனார்கள் என்ற கோபம் அன்று கிறிஸ்தவ ஜனநாயகவாதிகளிடம்கூட இருந்தது, அதனால்தான் இரண்டு பெரிய கட்சிகளும் இதில் ஒன்று சேர முடிந்தது. பேரவையில் 82-க்கு 6 என்று அரசியலமைப்பு நிறைவேறியது.

கிளே என்ன செய்தார்? தடை செய்யவில்லை. இந்த ஒரு பிரிவை மட்டும் தனியாக மக்கள் வாக்கெடுப்புக்கு விடுங்கள் என்றார். ஒரே கட்டாகக் கொடுத்தால் மக்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் போடுவார்கள், தனியாகக் கேட்டால் யோசிப்பார்கள், தோற்றும் போகலாம் என்கிற கணக்கு. டிசம்பர் 1-ல் ஹெஸ்ஸன் வாக்காளர்களுக்கு இரண்டு கேள்வி. அரசியலமைப்புக்கு 76.8 சதவீதம் ஆமாம். தனியாகக் கேட்ட 41-ஆம் பிரிவுக்கு சுமார் 72 சதவீதம் ஆமாம். கிளேவின் கணக்கு பொய்த்துப்போனது.

சரி, மக்களைக் கேட்டாயிற்று, மக்கள் சொல்லிவிட்டார்கள், அப்புறம் என்ன? அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் நெருடல். தொழில்களை யார் வைத்திருப்பது என்பதை ஒரு மாநிலம் முடிவு செய்யக் கூடாது, மொத்த ஜெர்மனியும் சேர்ந்து பிறகு முடிவு செய்யட்டும் என்று சொல்லி ராணுவ அரசாங்கம் அதை நடைமுறைப்படுத்த விடாமல் இழுத்தது. பனிப்போர் ஆரம்பித்து, நாணயம் மாறி, கடைகளில் சரக்கு வந்த பிறகு அந்த வேகம் தானாகவே தணிந்துபோனது. பவேரியாவில் எழுத்தை விட்டுவைத்து வாசிப்பை மாற்றினார்கள், இங்கே எழுத்தையும் வாக்கையும் விட்டுவைத்துக் காலத்தைத் தள்ளினார்கள். முதல் விஷயத்தில் கிளே பக்கம் எனக்குக் கொஞ்சம் நியாயம் தெரிகிறது, இரண்டாவதில் தெரியவில்லை. தோற்கும் என்று நம்பி வைத்த வாக்கெடுப்பு ஜெயித்துவிட்டால், அதற்கு மரியாதை கொடுக்க வேண்டாமா?

மற்ற மண்டலங்களைப் பற்றி இரண்டு வரி. பிரெஞ்சு மண்டலத்தில் 1947 மே 18 அன்று மூன்று மாநிலங்களில் வாக்கெடுப்பு, அதில் துண்டு துண்டாக ஒட்டிய ரைன்லாந்து-பலாட்டினேட்டில் ஆதரவு 53 சதவீதம்தான். பிரான்ஸ் எல்லையில் இருந்த சார் பகுதியில் பிரான்ஸோடு பொருளாதார ஒட்டு என்பதை அரசியலமைப்பின் முகவுரையிலேயே எழுதவைத்தார்கள், மக்களிடம் வாக்கெடுப்பும் இல்லை. சோவியத் மண்டலத்து மாநிலங்களும் 1946-47-ல் அரசியலமைப்புகளை நிறைவேற்றின, ஆனால் 1952-ல் அந்த மாநிலங்களையே ஓரங்கட்டி மாவட்டங்களாக்கிவிட்டார்கள். பிரிட்டிஷ்காரர்களுக்கு எழுதிவைப்பதில் அவ்வளவு அவசரமில்லை, அவர்கள் ஊரிலேயே எழுதிவைத்த அரசியலமைப்பு கிடையாதே.

இப்படி எழுதப்பட்ட எல்லாமே உயிரோடு இருக்கிறது என்று சொல்லமாட்டேன். பவேரியாவின் மேலவை 1998-ல் மக்கள் வாக்கெடுப்பில் ஒழிக்கப்பட்டது; தொழிற்சங்கம், மதச் சபை, விவசாய அமைப்பு போன்றவை அனுப்பிய 60 பிரதிநிதிகள் கொண்ட வினோதமான சபை அது. ஹோக்னர் எழுதிவைத்த அந்த மக்கள் முன்வரைவு வழியிலேயே அது வந்தது. தூக்குத் தண்டனை பற்றிய வரி பவேரியாவில் 1998 வரைக்கும், ஹெஸ்ஸனில் 2018 வரைக்கும் தாளில் கிடந்தது. மேற்கு ஜெர்மனியின் அரசியலமைப்பாக 1949-ல் வந்த கூட்டாட்சி அடிப்படைச் சட்டம் மரண தண்டனையை ஒழித்துவிட்டதால் அந்த வரிகளுக்கு உயிர் இல்லை, அடிப்பதற்கும் வாக்கெடுப்பு வேண்டும் என்பதால் அப்படியே விட்டிருந்தார்கள். ஹெஸ்ஸனின் 41-ஆம் பிரிவு இன்னும் அங்கேயே இருக்கிறது.

இந்த மாநிலப் பயிற்சி தேசிய அளவில் உதவியதா என்றால், உதவியது. 1948 ஆகஸ்டில் பவேரியாவின் கீம் ஏரித் தீவில், ஹெர்ரன்கீம்ஸேயில், மேற்கு ஜெர்மனிக்கு ஒரு வரைவு தயாரிக்க நிபுணர்கள் கூடியபோது நாவியாஸ்கி அங்கேயும் இருந்தார். அங்கே கூடியிருந்தவர்களுக்கு அரசியலமைப்பு எழுதுவது புத்தக விஷயமாக இல்லை, இரண்டு வருடம் முன்பு தங்கள் மாநிலங்களில் பார்த்த வேலை.

கடைசியில் அந்த 178-ஆம் பிரிவுக்குச் சோதனை வந்தது. 1949 மே 20 அன்று பவேரியச் சட்டமன்றத்தின் முன் கூட்டாட்சி அடிப்படைச் சட்டம். மாநிலங்களுக்குப் போதுமான அதிகாரம் இல்லை என்று ஏஹார்ட் அரசே எதிர்த்தது. 63 பேர் ஆதரவு, 101 பேர் எதிர்ப்பு, 9 பேர் நடுநிலை. நிராகரித்தாயிற்று. உடனே இரண்டாவது கேள்வி: மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால் இது பவேரியாவையும் கட்டுப்படுத்துமா? 97 பேர் ஆமாம், 6 பேர் இல்லை, 70 பேர் நடுநிலை. வேண்டாம் என்றும் சொல்லி, ஆனால் உள்ளேதான் இருப்போம் என்றும் சொன்ன ஒரே மாநிலம் அதுதான். மற்ற பத்து மாநிலங்களும் ஏற்றுக்கொண்டன, மே 23-ல் அடிப்படைச் சட்டம் வெளியானது, பவேரியா அதற்கு இன்றுவரை தன் ஒப்புதலைத் தரவில்லை.